கழலும் மோதிரம்

போஸ்னானில் டிராம் ஓட்டும் ஒத்தீலியாவுக்கு
ஐம்பத்து மூன்று.
சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டதாம்.
மருத்துவர் சொன்னது அவ்வளவுதான்;
மிச்சத்தைச் சீருடைப் பொத்தான் சொன்னது.

நான்காம் நிறுத்தத்தில் ரொட்டிக்கடை.
கதவு திறக்குமுன்னே மூக்கு இறங்கிப் போய்விடும்.
நவம்பர் வேறு.
கசகசாப் பூரணம் திணித்த பிறை ரொட்டிகள்
கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கடுக்காய்.
மணியை ஒருமுறை கூடுதலாக அடித்துவிட்டு
வண்டியை நகர்த்தினாள்.

கடைசி நிறுத்தத்தில் டப்பாவைத் திறந்தாள்.
ஆறிப்போன பார்லி, வேகவைத்த பீட்ரூட்.
உப்புப் போட மறந்திருந்தாள்,
அல்லது மறக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு மாலை
கையுறையை உருவியபோது
மோதிரமும் கூடவே வந்தது.
பத்து வருடம் சோப்புக்கும் மசியாத மோதிரம்.

பிரிவில் வளை நெகிழ்ந்த பெண்களைப்
பள்ளியில் படித்திருக்கிறோம்.
இவள் கணவன் செவெரின் எங்கும் போகவில்லை.
எதிரே உட்கார்ந்து
பன்றிக் கட்லெட் தின்றுகொண்டிருக்கிறான்.

“யார் அந்த ஆள்?” என்றான்
வெறும் விரலைப் பார்த்து.
“பீட்ரூட்” என்றாள்.

பிறகு அவன் தட்டின் ஓரத்திலிருந்து
கருகிய மொறுமொறுப்பை மட்டும்
கிள்ளி எடுத்தாள்.
அவன் ஜன்னலைப் பார்த்தபடியே
தட்டை இந்தப் பக்கம் திருப்பி வைத்தான்.