பாதி நிழல்

என் கைபேசியில் இந்தப் பாதைக்குப் பெயர்
‘பாதி நிழல்’.
நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஏற்றம் எண்ணூற்றுப் பத்து மீட்டர்.
தார் கொஞ்சம், சரளை மிச்சம்.
பெயர் வைத்தவன் நான்.

நார்த்டேலில் தெருவிளக்கு அணையாத ஐந்தேகாலுக்கு
மூன்று பேர் கிளம்பினோம்.
நொம்பிலோ முன்னால்.
வாரம் முழுக்க அடுத்தவர் எலும்பைப் படம் பிடிப்பவள்,
சனிக்கிழமை மேடு முடியும்வரை வாய் திறக்க மாட்டாள்.
பிரவேஷன் பின்னால்.
டர்பனிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு வாரம்,
இரவல் சைக்கிள், இருக்கை இரண்டு விரற்கடை உயரம்.
“வெயில் எனக்கு ஆகாது” என்றவனிடம்
“காடு இருக்கு, வா” என்று
வாக்குக் கொடுத்தவனும் நான்தான்.

தார் முடிகிற இடம்
கண்ணுக்கு முன் உள்ளங்கைக்குத் தெரியும்.
காய்ந்த நாளில் சரளை
அப்பளமாய் நொறுங்கும்.
மழைக்கு மறுநாள்
வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசும்.
இன்றைக்கு அப்பளம்.

ஃபெர்ன்கிளிஃப் மேட்டில் பனி.
பாசி பிடித்த பாறை, சொட்டுகிற கிளை,
தலைக்கு மேல் ஒரு பறவை இறக்கை விரிக்க
அந்தச் சிவப்பு
பார்த்தோமா என்று கேட்பதற்குள் மூடிக்கொண்டது.
பிரவேஷன் மூச்சிரைக்கச் சிரித்தான்.
“இது வெறும் முன்னுரை” என்றேன்.
“மேலே யூகலிப்டஸ் காடு. பகலிலும் விளக்குப் போட வேண்டும்.”

சங்கிலிக் கதவு.
ஒவ்வொரு சைக்கிளாகத் தூக்கி
அந்தப் பக்கம் இறக்கினோம்.
ஒரு வளைவு.
அதைத் தாண்டினால்

காடு இல்லை.

அடிக்கட்டைகள்.
சீவிய மரப்பட்டை சுருள்சுருளாய்,
லாரிச் சக்கரம் உழுத பள்ளம்,
போன மாதம் சமமாய் இருந்த வழியில்
முஷ்டிப் பருமனில் கற்கள்.
கைபேசித் திரையில் மட்டும்
பச்சை அப்படியே இருந்தது.
பச்சைக்குள் நீலப் புள்ளியாய் நாங்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஏழு கிலோமீட்டர் வெட்டவெளி.
வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்து
இறங்க மறுத்தது.
பிரவேஷனின் பின்சக்கரத்தில் ஏதோ குத்தி
வெள்ளைப் பால் பீச்சியது,
பிறகு தானே அடைத்துக்கொண்டது.
அவனும் அதைப் போலத்தான்:
சீறினான், கொஞ்ச நேரத்தில் அடங்கினான்.

விளிம்பில் நின்று தண்ணீர் குடிக்கும்போது
நொம்பிலோ கையை நீட்டினாள்.
கீழே ஊர்.
நான்கு வருடமாக இந்த வழியே போகிறேன்,
மரங்களுக்குப் பின்னால் இது இருந்தது தெரியாது.
பள்ளிவாசல் கோபுரம், கோயில் கொடிமரம்,
மூடிய செருப்புத் தொழிற்சாலையின் நீளக் கூரை,
அதற்கு மூன்று தெரு தள்ளி
ஒரு பச்சைத் தண்ணீர்த் தொட்டி
கொஞ்சம் சாய்ந்து.
சாய்ந்ததால் அடையாளம் தெரிந்தது.
என்னுடையது.
நிமிர்த்துகிறேன் என்று
தை மாதத்திலிருந்து சொல்லிவருகிறேன்.

திரும்பும் வழியில்
தொப்பி போட்ட ஒரு பெண்
கோலால் குழி போட்டுக் கன்று நட்டுக்கொண்டிருந்தாள்.
ஒரு குழி, ஒரு கன்று, ஒரு மிதி.
நாங்கள் கடக்கும்வரை பதினொன்று நட்டுவிட்டாள்.
எப்போது நிழல் தரும் என்று நொம்பிலோ
ஜூலுவில் கேட்டாள்.
அந்தப் பெண் எங்கள் சைக்கிள்களைப் பார்த்தாள்,
என் நரைத்த தாடியைப் பார்த்தாள்,
ஏதோ சொன்னாள்.
இருவரும் சிரித்தார்கள்.
நொம்பிலோ கடைசிவரை மொழிபெயர்க்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
பத்து வருடத்தில் மறுபடி வெட்டுவார்கள்.
நடுவில் நாலைந்து நல்ல வருடம்.
என் முழங்கால் ஒத்துழைத்தால் மூன்று.

பிறகு இறக்கம்.
இறக்கத்தில் கணக்கு நிற்காது.
பல் கிடுகிடுக்க, விரல் மரத்துப்போக,
பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து
மூன்று பேரும் ஏதோ கத்திக்கொண்டே வந்தோம்.

ரைஸ்தோர்ப்பில் கடை வாசலில்
சைக்கிள்களைச் சுவரில் சாத்தி
ஒரு முழு பன்னிச்சௌவை மூன்றாய்ப் பிய்த்தோம்.
கறிக் கையோடு கைபேசியைத் திறந்தேன்.
பெயரை மாற்றலாமா என்று கேட்டது திரை.
மாற்றவா வேண்டாமா என்று
நான் யோசிக்கையில்
கழுத்து சிவந்த பிரவேஷன்
ரொட்டியின் அடிப்பாகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டான்:

“அடுத்த சனிக்கிழமையும்
ஐந்தேகால்தானே?”