பதினொரு செக்கன்

ஐந்து பாகம். பதின்மூன்று மணித்தியாலம் நாற்பது நிமிடம்.
மூன்று இயக்குநர்கள்.
கதாநாயகியர் இருவர், பெயர் ஒன்று.
இரண்டாம் பாகத்தில் லொறியில் அடிபட்டுச் செத்த வில்லன்
நாலாம் பாகத்தில் மீசையை மழித்துக்கொண்டு வருகிறான்.
ஏன் என்று ஒரு வசனமும் இல்லை.

இதையெல்லாம் ஒரே படமாக்கலாம் என்று
களுவாஞ்சிக்குடி பஸ் தரிப்பிடத்தில்
பாதி தின்ற றோல்ஸும் கையுமாய்ச் சொன்னவன் இப்ஹாம்.
மருதமுனைக்காரன்.
"கலியாணம் இல்லாத மாசம்தானே, சும்மாதானே கிடக்கம்."

பகலில் எனக்கு ஸ்டூடியோவில்
ஆட்களை எடுக்கிற வேலை, ஆட்களை வைக்கிற வேலை.
குருக்கள்மடத்தில் கோபித்துக்கொண்ட மாமாவை
முழு அல்பத்திலும் அழிக்கச் சொன்னார்கள்.
அழித்தேன். அவர் ஏந்தியிருந்த தட்டம் மட்டும்
ஒரு படத்தில் அந்தரத்தில் நின்றது.
ஒருவரும் காணவில்லை.
துறைநீலாவணையிலிருந்து ஒரு மனிசி
அடையாள அட்டைப் படமொன்றைச் சீலைத் தலைப்பால் துடைத்துத் தந்து
"இவனையும் பொம்புளைக்குப் பக்கத்தில நிப்பாட்டுங்க தம்பி,
கோட் போட்டு" என்றா.
நிப்பாட்டினேன்.
கோட் கொஞ்சம் பெரிசு.

இரவு, ஷட்டர் அரைவாசி இறக்கி
வில்லனின் சாவை வெட்டினோம்.
லொறி வருகிறது, கண்ணை மூடுகிறான், அவ்வளவுதான்.
மூன்றாம் பாகத்தில் வேறு யாருக்கோ எடுத்த ஆஸ்பத்திரி,
முகமெல்லாம் கட்டு,
மறுகா மீசையில்லாமல் எழும்புகிறான்.
முதலாம் பாகத்தில் ஓங்கிய கை
ஐந்தாம் பாகத்துக் கன்னத்தில் விழுந்தது.
சத்தத்துக்கு இப்ஹாம் தன் தொடையில் அறைந்தான்,
ஆறு தரம்.
நாயகி மாறும் இடத்தில் மழை போட்டோம்.
மழை விடும்போது வேறு முகம்.

ஒருக்கா கரண்ட் போய் நாற்பது நிமிடம் அழிந்தது.
அவன் ஒன்றும் பேசவில்லை.
கோட்டைக்கல்லாறுப் பாலம்வரை மோட்டார்சைக்கிளில் போய்
திரும்பி வந்து
முதலிலிருந்து தொடங்கினான்.

மிஞ்சியது தம்பி.
முதலாம் பாகம், இருபத்தோராம் நிமிடம்.
நாயகனின் தம்பி சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற்றைத் திறக்கிறான்.
"இதோ வந்துர்றேண்ணே."
அதன்பிறகு நாலேகால் பாகம்,
இரண்டு கலியாணம், ஒரு செத்தவீடு,
தாய்காரி ஒருக்காக்கூட வாசலைப் பார்க்கவில்லை.

"வெட்டு" என்றேன். "பதினொரு செக்கன்.
அவனை எடுத்தால் கதை நேர்."
இப்ஹாம் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.
"வெட்டலாம். முதல்ல அவன் எங்க எண்டு பார்ப்பம்."

பார்த்தோம். பாட்டுகளுக்குள், சண்டைகளுக்குள்,
போஸ்டரின் மூலைகளில்.
ஐந்தாம் பாகத்துத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு சைக்கிள்.
மிதிப்பவன் கழுத்துக்குமேல் சட்டகத்துக்கு வெளியே.
பெரிதாக்கினோம்.
பெரிதாக்கப் பெரிதாக்கச் சதுரங்கள்தான் பெருத்தன.
சேர்ட்டின் நிறம் கொஞ்சம் ஒத்துப்போனது.
மிச்சத்தை இப்ஹாம் ஒத்துப்போக வைத்தான்.

மூன்று மணித்தியாலம் ஐம்பத்தொரு நிமிடம்.
சனிக்கிழமை, ஒன்பது பிளாஸ்டிக் கதிரை,
சுவரில் வெள்ளைத் துணி.
சலூன்கார ஜெயரூபன் வில்லனைப் பற்றிக் கேட்கவில்லை.
மழையில் மாறிய முகத்தைப் பற்றி அவன் மனிசியும் கேட்கவில்லை.
கச்சான் கோது காலில் நொறுங்க எல்லாரும் எழும்பினார்கள்.

பாமசியில் வேலை செய்யும் தர்மிளா மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டே
"கூட்டத்துக்குள்ள சைக்கிள்ள போனது அந்தத் தம்பிதானே?" என்றாள்.

"ஓம்" என்றான் இப்ஹாம், எனக்கு முன்னே.

"அப்ப ஏன் அவன் வீட்ட போகல்ல?"

நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.
அவன் நிப்பாட்டின கணினியைத்
திரும்பவும் போட்டான்.