கதவு வரி

சுங்கை கெலாடியில் இதற்குப் பெயர் கதவு வரி.
வருஷத்துக்கு இரண்டு முறை
மூன்றாம் முகப்பில், என் முன்னால் வந்து விழும் பில்லில்
செம்பனை எண்ணெய்க் கறை இருக்கும்,
சில நாள் கெட்ட வார்த்தையும்.

"கதவையே கரையான் தின்னுடுச்சு
வரி எதுக்கும்மா?" என்றார் லோரி வடமலை.

வழக்கமாக நான் சொல்லும் பதில்
'அடுத்த நம்பர்.'
அன்று கணினி படுத்துவிட்டது.
அடுத்த நம்பரும் வரவில்லை
அவரும் போகவில்லை.

"அம்பத்திரண்டு வெள்ளி. எங்க போகுது?"
குப்பை லோரி, தெருவிளக்கு, சாக்கடை
என்று ஒப்பித்தேன்.
"தீபாவளிக்கு விழுந்த செருப்பு
எங்க மலிவு வீட்டுச் சாக்கடையில
இன்னும் மிதக்குது, வந்து பாரு."

நான் இருப்பது தாமான் பக்கம்.
செவ்வாய்தோறும் சுத்தமாகும் எங்கள் சாக்கடை.
அதையும் சொன்னேன்,
சொல்லியிருக்க வேண்டாம்தான்.

வரிசை கலைந்து வட்டமானது.
யாரும் கட்டாவிட்டால் குப்பையை யார் அள்ளுவது என்று
ஆணிக்கடை மேய் லான் மலாயில் கேட்டாள்.
தன் பில்லோடு நின்றிருந்த பாக்கியம்,
குத்தகைக்காரரிடம் தெரு கூட்டுபவள்,
மெல்லச் சொன்னாள்:
"நீங்க குடுக்கலேன்னா எனக்குச் சம்பளம் இல்ல.
குடுத்தும்
ரெண்டு மாசமா இல்ல."

மின்விசிறி மட்டும் பேசியது.

வடமலை பணத்தை எடுத்தார், வைக்கவில்லை.
"கோயிலுக்கு அம்பது குடுத்தேன்.
பந்தல் இவ்வளவு, பூ இவ்வளவு, வாழையிலை இவ்வளவுன்னு
சுவத்துல ஒட்டுனாங்க.
வாழையிலைக் கணக்குக்குச் சண்டை போட்டேன்.
அடுத்த வருஷமும் குடுத்தேன்.
உங்க கணக்கு
எந்தச் சுவத்துல?"

பிறகுதான் வைத்தார்.
கையால் ரசீது எழுதினேன்.

அன்று சாயங்காலம் கோப்பிலிருந்து ஒரு பக்கத்தை
பெரிய எழுத்தில் பார்த்தெழுதி
தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டினேன்.
இரவெல்லாம் வயிற்றைக் கலக்கியது.

காலையில் துவான் சுல்கிப்லி
கைகளைப் பின்னால் கட்டி
முழுதும் படித்தார்.
சிவப்புப் பேனா கேட்டார்.
'தெருவிளக்கு 214' என்பதை அடித்து
197 என்று எழுதினார்.
கீழே, சின்னதாக: பதினேழு எரியவில்லை.

மதியம் பார்த்தேன்,
குத்தகைக்காரர் பெயருக்கு நேரே
ஒரு கேள்விக்குறி.
அது நீல மை.