எண்பது கிலோமீட்டர் வரை

"காத்து போனாலும் ஓடும் மேடம்,
எண்பது கிலோமீட்டர் வரைக்கும்.
வேகம் மட்டும் எண்பதைத் தாண்டக்கூடாது."
ஓமலூர் ரோட்டு டயர் கடையில்
செந்தாமரைக்கண்ணன் ஒன்றை உருட்டி வந்து
அதன் விலாவைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டுகிறார்.
அழுந்தவில்லை.
சாதாரண டயரையும் அழுத்துகிறார்.
அது லேசாக இடம் கொடுக்கிறது.

எண்பது என்றால் எதுவரை?
சேலத்தில் கிளம்பினால் நாமக்கல் தாண்டும், கரூர் வராது.
தர்மபுரி வரும், கிருஷ்ணகிரி வராது.
ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலை உள்ளே,
ஈரோட்டு அக்கா வீடு உள்ளே.
சென்னை வெளியே.
சென்னையில் எனக்கிருந்த வேலை
போன மாசியில் கையெழுத்தோடு முடிந்தது.

"யாருங்க ஓட்டுறது?"
"நான்தான்."
கடினமான டயர் என் பக்கம் ஓரடி நகர்கிறது.
லேடீஸ், ராத்திரி, மலை ரோடு:
மூன்றே சொல்லில் முடித்துவிட்டார்.
கோபம் வருகிறது.
அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம்.

தை மாதம், ஏற்காட்டிலிருந்து இறங்கும் இரவு.
பதினான்காம் வளைவில்
மஞ்சள் விளக்கு எரிந்தது.
பனி. தடுப்புச்சுவரை ஒட்டி இரண்டு பைக், ஐந்தாறு பேர்,
பாட்டில் உருளும் சத்தம், ஒரு சிரிப்பு.
என்னைப் பார்த்துச் சிரித்ததாகக்கூட இருக்காது.
நான் நிறுத்தவில்லை.
பதின்மூன்று, பன்னிரண்டு என்று
வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்கினேன்.
ஏழில் ஒரு காட்டெருமை
வழிவிடலாமா என்று நெடுநேரம் யோசித்தது.
கோரிமேடு வந்த பிறகுதான் கை நடுங்கியது.

மறுநாள் காற்று அடித்தேன். விளக்கு அணைந்தது.
நாலாம் நாள் எரிந்தது. அடித்தேன்.
சென்சார் கோளாறு என்றேன் மேஸ்திரியிடம்,
மேஸ்திரி எதுவும் கேட்காமலே.

இதே காரை, சாதாரண டயரோடு,
கோவையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.
ரோடு கைக்கு வந்தது அன்றைக்கு.
சிறு சரளைகூடப் பெயர் சொல்லிவிட்டுப் போனது.
என்னுடையதில் ஐந்து ரோடு பாலத்தின் இணைப்புகளை
முதுகெலும்புதான் எண்ணும்.

வித்தியாசம் நாலு டயருக்கு நாற்பத்தாறாயிரம்.
மூட்டைக் கணக்கில் பத்து.
ஆனால் சாதாரணத்துக்கு ஸ்டெப்னி வேண்டும்,
இந்தக் காரில் ஸ்டெப்னிக்கு இடமே இல்லை.
இரண்டு பேருக்கும் ஒரு பெட்டிக்கும் செய்த கார்.
அந்த இரண்டிலும் நான் ஒருத்திதான் வாங்கினேன்,
சிவப்பாக, விலை ஏறிய வருஷத்தில்.

அதற்குள் சத்ருகன் பின் டயரைக் கழற்றிவிட்டான்.
பிகாரிலிருந்து வந்து எட்டு மாசம்,
தமிழில் எண்களும் "உள்ளே"வும் தெரியும்.
"உள்ளே, மேடம்," என்கிறான்.
டயரைச் சாய்க்கிறான்.
ஒரு கைப்பிடி கறுப்புப் பொடி
சிமெண்ட் தரையில் கொட்டுகிறது.

செந்தாமரைக்கண்ணன் குனிந்து பார்க்கிறார்.
"வெளியே பாருங்க, புதுசு மாதிரி இருக்கு.
காத்தில்லாம ரொம்ப நாள் ஓடியிருக்கு.
உள்சுவரே அரைஞ்சு போச்சு."

பழக்கதோஷம்.
கிழங்கு மாவைப் பார்ப்பதுபோல்
ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்க்கிறேன்.
நயம் மாவு இழையும், கலப்படம் நறநறக்கும்.
இது இரண்டுமில்லை, ஒட்டிக்கொள்கிறது.
சோப்புப் போட்டும் இரண்டு நாள் போகவில்லை.

"சாதாரணமே போடுங்க."
"மேடம், ராத்திரி..."
"தெரியும்."
தெரியும்தான். அந்த ஐந்தாறு பேர்
இன்றைக்கும் அங்கே நிற்கலாம்.
தைரியம் வந்துவிட்டது என்றெல்லாம் இல்லை.
இறங்கினால் இறங்கியது என்று வெளியே தெரியட்டும்,
அவ்வளவுதான்.

காற்றடிக்கும் சின்ன மெஷின் ஒன்று,
ஓட்டை அடைக்கும் டப்பா இரண்டு,
டார்ச், சிவப்பு முக்கோணம்.
எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தருகிறார்.
பக்கத்து சீட்டில் வைத்துக் கிளம்பினால்
ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு
கார் கத்துகிறது.
ஐந்து ரோடு சிக்னலில்
எட்டி, அதற்கும் பெல்ட் போட்டுவிட்டேன்.