நாற்பத்தேழு சென்ட்

துலூத் நகரத்து மருத்துவமனையின் நிலவறையில்
இரவு பதினொன்றுக்கு என் வேலை தொடங்கும்.
வெள்ளை அங்கிகளின் பைகளைத் துழாவிவிட்டுத்தான்
எந்திரத்துக்குள் போடவேண்டும். விதி.
பேனா மூடி, இருமல் மிட்டாய், சில்லறை.
சில்லறை ஓர் ஊறுகாய்ப் புட்டிக்குப் போகும்.
புட்டி யாருடையதும் அல்ல.

முப்பத்தேழு வயதில் முதல்முறையாக
மாதம் முடிந்தும் கையில் ஐம்பது டாலர்.
கடனட்டையின் கடைசித் தவணை
அப்போதுதான் செத்திருந்தது.

மேசைமேல் புதினா மிட்டாய்க் கிண்ணம் வைத்திருந்த
திரு. பிராண்ட்வோல்ட் கேட்டார்:
"உங்கள் கனவு என்ன, மிஸ் ஒயாலா?"
தூக்கம் என்றேன்.
சிரித்துக்கொண்டே ஒரு தாளைத் திருப்பினார்.
ஆண்டுக்கு ஒன்று புள்ளி ஒன்று சதவீதம், அவர் கூலி.
புள்ளியைப் பூச்சி என்று நினைத்துத் தட்டிவிடப் பார்த்தேன்.
இரண்டு மிட்டாய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிரவு, உலர்த்தி சுழலும் நாற்பது நிமிடத்தில்
சலவைச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
இரண்டு வாரத்துக்கு ஐம்பது. முப்பது ஆண்டு.
ஆறு சதவீதம் வளர்ந்தால்
(வளர்ந்தால். யார் எழுதிக் கொடுத்தார்கள்?)
அவர் வழியில் ஒரு தொகை.
சந்தை மொத்தத்தையும் ஒரே வாரலில் அள்ளும்
மலிவான குறியீட்டு நிதியின் வழியில் வேறொரு தொகை.
இரண்டுக்கும் நடுவே பதினேழாயிரம் டாலர்.
கழுதை தேய்ந்து கட்டெறும்பாவது
இப்படித்தான் போலிருக்கிறது.
மூன்றுமுறை கூட்டிப் பார்த்தேன்.
பென்சில்தான் தேய்ந்தது.

நூறு டாலருக்கு வருடம் நாலு சென்ட் கேட்கிற நிதியை
ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில்,
ஈரக் காலுறையோடு வாங்கினேன்.
தூக்குப் பாலத்தடியில்
இரும்புத்தாது ஏற்றிய கப்பலொன்று கொம்பூதியது.
எனக்காக அல்ல.

பிறகுதான் பட்டியலைப் படித்தேன்.
என் கையில் மணக்கும் சலவைத்தூள் கம்பெனியில்
எனக்கொரு துணுக்கு.
மேலே நோயாளிகள் படுத்திருக்கும் கட்டிலில் ஒரு துணுக்கு.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
என் தம்பி வெஸ்லியை ஒரு வெள்ளிக்கிழமை
அட்டைப்பெட்டியோடு வாசலில் நிறுத்திய
காகித ஆலைக்காரர்கள்.
அதிலும் ஒன்று, தூசியைவிடச் சிறியது.
அதை மட்டும் பொறுக்கி எறிய வழியில்லை.
வெள்ளைத் துணியோடு சிவப்புச் சட்டை சேர்ந்து வெந்தபின்
சாயத்தை எந்த நூலிலிருந்து பிரிப்பது?

வெஸ்லியிடம் சொன்னேன்.
போனில் கொஞ்சநேரம் மூச்சு மட்டும்.
"நல்லது, முதலாளியம்மா," என்றான் பிறகு.
"என் ஃபிளாஸ்க் இன்னும் அங்கே லாக்கரில் கிடக்கிறது.
வாங்கிக் கொடு."

மூன்றாம் வாரம் சந்தை விழுந்தது.
ஓய்வறையில் டாரில் தன் ஒற்றைக் கம்பெனிப் பங்கை
விற்று, வாங்கி, மறுபடி விற்று,
காப்பியை ஆறவிட்டுக்கொண்டிருந்தான்.
நீ என்ன செய்தாய் என்றான்.
போர்வை மடித்தேன் என்றேன்.
உண்மையில் நாலுமுறை கழிவறைக்குப் போய்
தாழ்போட்டுக்கொண்டு போனைப் பார்த்திருந்தேன்.
ஐம்பது, நாற்பத்தாறாகச் சிவந்திருந்தது.
சும்மா இருப்பதற்கு
இவ்வளவு உடம்புவலி ஆகும் என்று
எந்தப் படிவத்திலும் போட்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அடுத்த ஐம்பது
என்னைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தது.

டிசம்பர் கடைசியில் துறைமுகத்து நீர் கெட்டியாயிற்று.
கணக்கில் புதிதாய் ஒரு வரி:
ஈவுத்தொகை, நாற்பத்தேழு சென்ட்.
என்றைக்கோ நான் டிக் போட்ட ஒரு கட்டத்தின்படி
என் கைக்கு வராமலே
வந்த வழியே நிதிக்குள் இறங்கிவிட்டிருந்தது.

அந்த இரவு, எலும்பு மருத்துவர் ஒருவரின் அங்கிப் பையில்
ஒரு கால் டாலர், இரண்டு டைம், இரண்டு பென்னி.
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
இவ்வளவுதான் கனம்.
கொஞ்சம் சூடாகக்கூட இருந்தது.

புட்டியில் போட்டேன்.
அடுத்த வண்டி வந்தது, அறுவை அறையின் விரிப்புகள்.
இரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர்தான்.
குமிழை நீலத்துக்குத் திருப்பினேன்.