நானூறு வீதம்

கைதவறித்தான் நடந்தது.
விசைப்பலகையில் தூசு தட்டுகையில்
விண்டோஸ் விசையும் கூட்டல் குறியும்
ஒன்றாய் அமுங்கிப்போக,
திரை முழுக்க ஒரேயொரு "பா".

கொம்பியூட்டரைப் பழுதாக்கிவிட்டேன் என்று பயம்.
நொத்தாரிசு குலவீரசிங்கத்தார்
இன்னும் கோட்டால் வரவில்லை.
எலியை மெல்ல நகர்த்தினேன்.
"பா"வுக்கு அடுத்து "த்தி".
அதற்கும் அடுத்து "யம்".

பாத்தியம்.

ஆறு மாதத்தில்
ஊகிக்காமல் நான் வாசித்த முதற் சொல்.

அதுவரை எப்படி வேலை பார்த்தாய் என்று கேட்காதீர்கள்.
சரி, கேளுங்கள்.
காணி உறுதி எல்லாம் ஒரே பல்லவி:
கோவிற்பற்று, இறை, பரப்பு, குழி,
நான்கு எல்லை, கிணற்றில் பங்கு.
மனப்பாடத்தில் அடித்தேன்.
இலக்கம் வந்தால் மட்டும்
"மதுசாந், உது மூண்டோ எட்டோ?
ஆற்றையோ கோழிக்கிறுக்கல்" என்பேன்.
பழி எழுதினவர் தலையில்.

கண் கிளினிக்கில் டொக்டர் சொன்னது
வீட்டிலும் சொல்லவில்லை:
"கண்ணாடியால இனி ஏலாது பிள்ளை.
நடுவிலதான் போகுது. ஓரம் நிக்கும்."
ஓரம் நிற்கிறதுதான்.
ஆளை நேரே பார்த்தால்
இரண்டு காது தெரியும்,
இடையில் புகை.

அமைப்புகளுக்குள் தேடிப் போனேன்.
அணுகல் என்றொரு கதவு.
பெட்டி வாங்கின நாளே உள்ளே இருந்திருக்கிறது,
ஐந்து வருடமாய்.
தனியாய்க் காசு கேட்கவில்லை,
என்ன வருத்தம் என்றும் கேட்கவில்லை.
வெள்ளைத் தாளைக் கறுப்பாக்கினேன், எழுத்தை மஞ்சளாக்கினேன்.
சுட்டியைக் குரும்பட்டி அளவுக்கு வளர்த்தேன்.
"என்னக்கா, திரையில அமாவாசையோ?"
என்றான் மதுசாந்.
"கண் எரியுது" என்றேன். பாதி உண்மை.

ஆனால் நானூறு வீதத்தில்
ஒரு பக்கம் ஓர் ஊர்.
வடக்கு எல்லையிலிருந்து தெற்கு எல்லைக்கு
எலியோடு நடந்துதான் போகவேண்டும்.
போய்ச் சேருமுன்
வடக்கில் யாருடைய காணி என்பது மறந்துபோகும்.

அதனால் குரலைத் திறந்தேன்.
ஒற்றைக் காதில் மட்டும்,
பிறத்தியாரின் சீதனக் கதை
கந்தோர் முழுக்கக் கேட்கக்கூடாதே.
கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்.
கோப்பாயை
ஊர் தெரியாத ஆள் போலச் சொல்லும்.
மூச்சு வாங்காது. கொட்டாவி விடாது.
தெரிந்த வரிதானே என்று தாண்டிப் போகாது.

திலகேஸ்வரியின் உறுதி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.
தமையனோடு காணி பிரிக்கிறா.
"கிணற்றில் மூன்றிலொரு பங்கும்"
என்றது குரல்.
அடுத்தது "சாட்சிகள்" என்றது.

திருப்பிப் போட்டேன்.
பங்கும். சாட்சிகள்.
வழிவாய்க்கால் பாத்தியத்தைக் காணவில்லை.
கிணற்றில் பங்கு உண்டு,
கிணற்றடிக்குப் போக வழி இல்லை.

"நான் ரெண்டுதரம் வாசிச்சனான்" என்றார் நொத்தாரிசு,
"உமக்கு எப்பிடிப் பிடிபட்டது?"

சொல்ல வாய் வரவில்லை.
காதுவயரைப் பிடுங்கினேன்.
கந்தோர் முழுக்க அந்தக் குரல்
கிணற்றை மூன்றாகப் பங்கிட்டது.
மதுசாந் தட்டச்சை நிறுத்தினான்.
நொத்தாரிசின் முகம் எப்படி இருந்ததோ,
எனக்குக் காதுகள்தான் தெரிந்தன.

கனநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து
"உந்தக் கறுப்பை எப்பிடிப் போடுறது?
எனக்கும் பின்னேரத்தில எழுத்துக் கரையுது" என்றார்.

ஐந்து மணிக்கு பஸ் நிலையம்.
வரிசையாய் நிற்கும் மினிபஸ்ஸின் நெற்றியில்
வெறும் வெளிச்சக் கட்டி.
இங்கே கூட்டல் விசை இல்லை.
ஆனால் கொண்டக்டர் பெடியன் ஒருவன்
கதவில் தொங்கிக்கொண்டு
"உரும்பிராய் ஊரெழு புன்னாலைக்கட்டுவன்"
என்று ஒரே மூச்சில் வாசிக்கிறான்.
பஸ்ஸோடு கூடவே வந்த வசதி.
ஊர்ப்பெயர் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.