நூற்று எழுபது கிலோ

ஆக்சில் பாடியில் ஒரு பட்டறையில்.
தார்ப்பாய் மண்ணடியில்.
ஜிப் வைத்துத் தைத்துக் கொடுத்தவர்
பள்ளிக்கூடப் பை தைக்கிறவர்.
கை பழக்கத்தில்
கூடார வாசலிலும் ஒரு பென்சில் பாக்கெட் வைத்துவிட்டார்.
பிரிக்கச் சொல்ல மனசு வரவில்லை.

எடைமேடைக்காரர் நூற்று எழுபது என்றார்.
சரக்கு என்ன என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு
வீடு என்று எழுதினார்.
பிறகு பக்கத்தில், பொடி எழுத்தில்,
மாதிரி.

அயனாவரத்தில் எங்கள் அடுக்ககத்தில்
அது மூடிக் கிடக்கும்,
காருக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில், ஆளின் நீளத்துக்கு.
இரண்டாம் மாடி அம்மா ஒருநாள் லிஃப்டில்
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடறீங்களாமே,
ஒருநாளைக்கு எவ்ளோ?"
அவர் மாமனார் அப்போது நன்றாகத்தான் இருந்தார்.

செகரட்டரி நோட்டீஸ் ஒட்டினார்.
'அடையாளம் தெரியாத பெட்டியை' என்று ஆரம்பித்தது.
அதன் மேல் பூனை மூன்று குட்டி போட்டதில்
நோட்டீஸ் நான்கு வாரம் தள்ளிப்போனது.

ரிவர்ஸ் எடுப்பதுதான் கஷ்டம்.
பெட்டி இடது போகவேண்டுமென்றால்
ஸ்டியரிங்கை வலது ஒடிக்கவேண்டும்.
பதினேழு வருஷக் கல்யாணத்தில்
எனக்கும் செல்வினுக்கும் இது ஒன்றும் புதிதில்லை.

கானத்தூர் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு.
இரண்டு கொக்கி,
தோசையைத் திருப்புகிற மாதிரி மூடியைத் திருப்பினால்
பாதிப் படுக்கை வெளியே வரும்,
துணி எழுந்து நிற்கும்.
ஆறு நிமிஷம்.
முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆனது,
ஒரு சண்டையும் சேர்த்து.

படுத்தால் கடல் தெரியாது,
சத்தம் மட்டும்.
பெரிய கை ஒன்று அரிசி புடைக்கிற சத்தம்.

இரவு ஒன்று நாற்பதுக்கு டார்ச் வெளிச்சம்.
"இன்னாது இது? ஐஸ் வண்டியா?"
"டென்ட் சார். மடக்குற டென்ட்."
"பர்மிஷன் கீதா?"
செல்வின் தோப்புக்காரர் நம்பரைத் தேட
அவர் ஜன்னல் வலையில் முகத்தை வைத்து
உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.
மெத்தை. போர்வை. க்ளிப்பில் மாட்டிய சின்ன ஃபேன்.
நெஞ்சுப் பட்டையில் தணிகாசலம் என்றிருந்தது.
வெளிச்சத்தை அணைத்தார்.
"முந்தாநாள்லேந்து பந்தோபஸ்து" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி.
அப்புறம்,
"பத்து நிமிஷம் படுத்துக்கவாம்மா?"

பூட்ஸைக் கழற்றி
கோயில் வாசலில் விடுகிறவர் போல
ஜோடியாக நகர்த்தி வைத்தார்.
அவர் ஏறியதும் ஸ்பிரிங் ஒருமுறை முனகி அடங்கியது.
வாக்கி டாக்கியை செல்வின் மடியில் கொடுத்துவிட்டு
"கூப்ட்டா எழுப்புங்க" என்றார்.

கூப்பிட்டது.
ஒரு பெண்குரல் எண்களாகக் கூப்பிட்டது.
எந்த எண் அவர் என்று கேட்க மறந்திருந்தோம்.
ஒவ்வொரு எண்ணுக்கும் செல்வின் என்னைப் பார்ப்பான்,
நான் பூட்ஸைப் பார்ப்பேன்.
அடுப்பில் டீ இரண்டு தடவை கொதித்துச் சுண்டியது.
உள்ளே குறட்டை,
வெளியே கடல்,
நடுவில் எங்கள் சொந்த வீட்டுக்கு
நாங்கள் காவல்.

நாலு ஐம்பதுக்கு அவரே எழுந்தார்.
போர்வையை நாலாக மடித்து, தலையணையைத் தட்டி வைத்து,
தொப்பியைச் சரிசெய்தபின்
குரலும் சரியாகிவிட்டது.
"ஆறுக்குள்ள காலி பண்ணிடுங்க.
இங்கெல்லாம் தங்கக் கூடாது."

சரி சார் என்றோம்.

மடக்கும்போதுதான் பார்த்தேன்,
பென்சில் பாக்கெட்டில் ஒரு விசில்.
கறுப்புக் கயிற்றோடு.
அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அதே தோப்பில்
விளக்குப் போட்டுக் காத்திருந்தோம்.
எங்களை விரட்ட யாரும் வரவில்லை.

இப்போது செல்வின் ரிவர்ஸ் எடுக்கையில்
பின்னால் நின்று நான் அதைத்தான் ஊதுகிறேன்.
இடதுக்கு ஒன்று, வலதுக்கு இரண்டு.
செகரட்டரி அதற்கும் ஒரு நோட்டீஸ்
எழுதிக்கொண்டிருக்கிறாராம்.